இரண்டு விசில் கேட்டால்

கொக்கு ஆபீஸில் எனக்குக் கிடைத்த வேலை, வருகிறவர்களுக்கு விதிகளைப் படித்துக் காட்டுவது. வாசலில் பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தில் எல்லாம் எழுதித்தான் இருந்தது. ஆனாலும் படித்துக் காட்ட வேண்டும் என்பது அந்த ஆபீஸைப் பார்த்துக்கொண்ட சாரின் உத்தரவு. "பலகைய எவனும் படிக்க மாட்டான். ஆளு நின்னு சொன்னா ஒரு காதுலயாவது விழும்" என்பார்.

அதன் முறையான பெயர் இயற்கைக் கல்வி நிலையம். காரைக்காலுக்குத் தெற்கே ஒரு சிற்றாறு கடலில் சேரும் இடத்தில், வடகரையில் இருந்தது. வெளியூர்ச் சங்கம் ஒன்று எண்பதுகளின் தொடக்கத்தில் கட்டிவிட்டுப் போயிருந்தது. ஓடு போட்ட இரண்டு அறைகள், கண்ணாடிப் பெட்டிக்குள் பஞ்சு அடைத்த ஒரு நாரை, சுவர் நிறையப் பறவைப் படங்கள், பின்னால் சவுக்குக் கழிகளால் கட்டிய ஒரு உயரமான பரண். பட்டினச்சேரி மீன்காரர்கள்தான் அதற்குக் கொக்கு ஆபீஸ் என்று பெயர் வைத்தார்கள். கொக்கைப் பார்ப்பதற்கு ஒரு ஆபீஸ், அதற்கு ஒரு ஆபீசர் என்று அவர்களுக்குச் சிரிப்பு.

நான் எட்டாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு எங்கேயும் நிலைத்து நின்றதில்லை. வேதாரணியம் பக்கம் உப்பளத்தில் வேலை பார்த்தேன். உள்ளங்கால் வெடித்துப் புண்ணானதும் கிளம்பிவிட்டேன். நாகூரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இலை எடுத்தேன். பிறகு காரைக்காலுக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கிளீனர். கண்டக்டர் வராத நாட்களில் கண்டக்டரும் நான்தான். முதலாளி வண்டியை விற்றுவிட்டார். பஸ் ஸ்டாண்டில் படுத்துக் கிடந்தபோது, கொக்கு ஆபீஸ் பரணைப் பழுது பார்க்கக் கழி சுமக்க ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். கழி சுமந்து முடிந்ததும் சார் என்னைப் போகச் சொல்லவில்லை. நானும் போகவில்லை.

அந்த இடத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கோடையில் ஆறு வற்றியதும் கடல் மணலைக் கொண்டுவந்து ஆற்றின் வாயை அடைத்துவிடும். வடகரைக்கும் தென்கரைக்கும் நடுவே மணல்மேடு ஒரு பாலம் போலக் கிடக்கும். ஒரு பக்கம் கடல் இரையும். மறுபக்கம் தேங்கிய ஆறு சத்தமில்லாமல் நிற்கும். பறவைகள் அந்தத் தேக்கத்தில்தான் இறங்கும். அவற்றைப் பார்க்க வருகிறவர்கள் மணல்மேட்டின் மேல்தான் நடந்து போக வேண்டும். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால், மேற்கே வயல்களில் தேங்கும் தண்ணீர் வடிய வழியில்லாமல் ஆறு நாளுக்கு நாள் ஏறும். நட்ட பயிர் அழுகத் தொடங்கும். அப்போது யாராவது மண்வெட்டியோடு வந்து மேட்டின் குறுக்கே ஒரு கீறல் போடுவார்கள். ஒரு முழ அகலம், கெண்டைக்கால் ஆழம், அவ்வளவுதான். மீதியை ஆறே பார்த்துக்கொள்ளும். ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் அந்தக் கீறலில் லாரி போகலாம். கரை இருபக்கமும் சுவர் சரிவது மாதிரி சரிந்துகொண்டே இருக்கும்.

எப்போது வெட்டுவார்கள் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். வயல்காரர்களுக்கு ஒரு அவசரம், மீன்காரர்களுக்கு ஒரு கணக்கு. அந்த மாதங்களில் காலையில் எழுந்ததும் சார் பரண் மேல் ஏறி மேட்டைத்தான் முதலில் பார்ப்பார்.

நான் வருவதற்கு முந்தைய மழைக்காலத்தில் அங்கே ஒருவன் உயிரை விட்டிருந்தான். காரைக்கால் டவுனில் மாதா கோயில் பக்கத்துப் பையன். நாகப்பட்டினத்தில் ஏதோ ஆபீஸில் வேலை, தினம் பஸ்ஸில் போய் வருகிறவன். பறவை பார்க்கிற பித்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக மேட்டில் நடந்து போனான். யாரோ அப்போதுதான் வெட்டிவிட்டிருந்தார்கள். சார் பரணிலிருந்து பார்த்து விசில் ஊதினார். பையன் திரும்பிப் பார்த்தான். கையைத் தூக்கிக் காட்டினான். பிறகு முன்னால் நடந்து போய் அந்த வெட்டில் இறங்கினான். தெற்கே வெகு தொலைவில் கடல் அவனை ஒதுக்கியது.

பலகை அதற்குப் பிறகுதான் வந்தது. அதில் இருந்த விதிகள் எல்லாமே அந்தப் பையனைப் பார்த்து எழுதியவை போலத்தான் எனக்குப் படும். தனியாகச் செல்லக் கூடாது. வழிகாட்டியை முந்தக் கூடாது. தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. நடுவில் பறவைகளுக்காகச் சிலது இருந்தன. கூட்டைத் தொடக் கூடாது, கல்லெறியக் கூடாது, பளிச்சென்ற நிறத்தில் உடுத்தி வரக் கூடாது. கடைசியில், மற்ற எழுத்தைவிடப் பெரிதாக: ஒரு விசில் கேட்டால் நிற்கவும். இரண்டு விசில் கேட்டால் திரும்பவும்.

சாரின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். சார் சைகோனில் பிறந்து, வளர்ந்து, காரைக்காலுக்குத் திரும்பி வந்து பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் எப்போதும் ஒரு பித்தளை விசில் தொங்கும். அது அவர் அப்பாவுடையது. ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் திரும்பி வா. பட்டாளத்தில் அப்பா கற்றதை, சார் பள்ளிக்கூட மைதானத்தில் பையன்களுக்குப் பழக்கியிருந்தார். எங்கே போவதானாலும் சைக்கிள்தான். பஸ்ஸில் ஏறினால் குமட்டும் என்பார்.

அந்தப் பையனின் அம்மா மாதத்துக்கு ஒருமுறை வருவார். வெள்ளைச் சேலை, கையில் ஒரு பவுடர் டப்பா. டப்பாவுக்குள் மெழுகுவத்தி. காற்றில் அணையாமல் இருக்க அப்படி ஒரு ஏற்பாடு. மேடு தொடங்கும் இடத்தில் மணலில் டப்பாவைப் புதைத்து ஏற்றுவார். அணைந்துதான் போகும். திரும்ப ஏற்றுவார். பிறகு வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, ஒவ்வொரு முறையும் அதையேதான் கேட்பார்.

"மாஸ்டர், அவனுக்கு அன்னைக்கிக் காத்துல கேட்டிருக்காதுல்ல?"

"கேட்டுச்சும்மா. திரும்பிப் பாத்தானே."

"யாரோ கூப்புடுறாங்கன்னு பாத்திருப்பான்."

"ரெண்டு ஊதினேன்மா. நல்லா ஊதினேன். கையத் தூக்கிக் காமிச்சான். அப்புறம் அவம்பாட்டுக்குப் போனான். நான் என்ன பொய்யா சொல்றேன்?"

"பொய்யின்னு சொல்லல மாஸ்டர். ஆனா எம்புள்ள சொன்ன பேச்சு கேக்குற புள்ள."

அந்த அம்மாவுக்கு வேண்டியது அந்த ஒன்றுதான். பையன் செத்ததை ஏற்றுக்கொண்டுவிட்டார். பெரியவர் ஒருவர் கூப்பிட்டும் மதிக்காமல் கையை ஆட்டிவிட்டுப் போய்ச் செத்தான் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. சொந்தக்காரர்கள் துக்க வீட்டிலேயே பேசிவிட்டார்களாம், சம்பாதிக்க ஆரம்பித்ததும் திமிர் வந்துவிட்டது என்று. சார் ஒரே ஒருமுறை, கேட்டிருக்காது என்று சொல்லியிருந்தால் போதும். சொல்லியிருக்கலாம் என்று எனக்கும் தோன்றும். ஆனால் அவர் பார்த்ததைத்தான் சொல்வார். அந்த அம்மா போன பிறகு சார் விசிலைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்துத் துடைத்துப் பார்ப்பார். இன்னும் பலமாக ஊதியிருக்கலாமோ என்று அவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. விடிகாலையில் பரண் மேல் நின்று, ஆளே இல்லாத மேட்டைப் பார்த்து ஊதிப் பழகுவார். அந்தச் சத்தத்தில் கண் விழிப்பது எனக்குப் பிடிக்காது.

வருகிறவர்கள் எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் நின்று விதிகளை ஒப்பிப்பேன். "இங்க உள்ளான் குருவி வறுத்துத் தருவாங்கன்னு சொன்னாங்களே?" என்று கேட்பார்கள். கல்யாணமான புதுசில் ஜோடி ஜோடியாக வருவார்கள். அவர்களுக்குப் பறவையும் வேண்டாம், விதியும் வேண்டாம். ஆனாலும் ஒரு விசில் ஊதினால் எல்லாரும் நின்றார்கள். அதில் சாருக்கு ஒரு திருப்தி. இரண்டு விசிலுக்குத் தேவை வரவில்லை. கூட்டத்துக்கு முன்னால் நான் போவேன். நான் திரும்பினால் அவர்களும் திரும்பிவிடுவார்கள்.

ஐப்பசி முடியும் சமயம், மழை இரண்டு நாள் விட்டிருந்தபோது, வரிச்சிக்குடியிலிருந்து ஒரு பெண்கள் கூட்டம் வந்தது. எல்லாரும் நடவு, களையெடுப்புக்குப் போகிறவர்கள். முதியோர் கல்வியில் எழுத்துப் படிப்பவர்கள். அவர்களுடைய டீச்சர் கூட்டிவருவதாக ஏற்பாடு; டீச்சருக்குக் காய்ச்சல். வயலில் தண்ணீர் நின்றதால் வேலையும் இல்லை. அதனால் தாங்களாகவே பஸ் பிடித்து வந்துவிட்டார்கள்.

அவர்களுக்குத் தலைவி மாதிரி ஒரு அக்கா இருந்தார். நடவுக்கு ஆள் கூட்டிப் போகிறவர். உயரம், பல்லில் வெற்றிலைக் கறை, வாய் ஓயாது. அவர் உட்கார்ந்தால் மற்றவர்கள் உட்கார்ந்தார்கள், எழுந்தால் எழுந்தார்கள். நான் படித்துக் காட்டத் தொடங்கியதும் கையை நீட்டித் தடுத்தார்.

"நிறுத்துங்க தம்பி. நாங்க படிப்பமுல்ல. எதுக்கு ராத்திரில்லாம் கண்ணு முழிச்சிப் படிச்சமாம்?"

எல்லாரும் பலகை முன்னால் கூடி எழுத்துக் கூட்டினார்கள். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு. "ப-ளி-ச்-செ-ன்-ற" என்று படித்து முடித்ததும் ஒருத்தி தன் சேலையைப் பார்த்தாள்.

"அக்கா, எஞ்சேல செவப்பு."

"ஒன்னையப் பாத்தா கொக்கு பறந்துருமாம், நீ வூட்டுக்குப் போ. ஒம்புருசன் மட்டும் எப்புடித்தான் பறக்காம இருக்கானோ."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. கடைசி வரிக்கு வந்தார்கள். அந்த அக்காதான் படித்தார். "இ-ர-ண்-டு விசில் கேட்டால் திரும்பவும்." நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "திரும்பவும் என்ன தம்பி? திரும்பவும் ரெண்டு ஊதுவாங்களா? எழுத எடம் பத்தலையா?"

"திரும்பி வந்துரணும்னு அர்த்தங்க்கா."

"அத அப்புடி எழுத வேண்டியதுதான. திரும்பவும்னு எழுதுனா, நாங்க மேக்கொண்டு என்னான்னு தேடுறோம்."

சார் இதைக் கேட்டுக்கொண்டு நின்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. அன்று காலையிலிருந்தே அவருக்கு மனசு சரியில்லை. ஆறு விளிம்புவரை ஏறியிருந்தது. எப்போதும் தேக்கத்தில் நிற்கும் நாரைகள் ஒன்றுகூட இறங்கவில்லை. கடல் பக்கம், அலைக்கு வெளியே, பட்டினச்சேரிக் கட்டுமரங்கள் சில வலை கட்டிக்கொண்டு சும்மா நின்றன. ஆறு திறந்தால் இறாலும் மடவை மீனும் வெளியே பாயும். அதற்காகக் காத்திருக்கிற நிலை அது.

"யாரும் வெட்டுறாங்களான்னு பாத்தீங்களா சார்?" என்று கேட்டேன்.

"ஒண்ணுந் தெரியல. நடுமேட்டுக்கு அந்தாண்ட மறைக்குது. நீ உச்சி வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டு உடனே வந்துரு. நான் மேல நிக்கிறேன்."

மேட்டின் நடுவில் மணல் கொஞ்சம் உயர்ந்திருக்கும். அதன் மேல் ராவணன் மீசைப் புல் அடர்ந்து கிடக்கும். அதுவரை போனால் போதும்.

போனோம். வாடைக்காற்று பின்னாலிருந்து தள்ளியது. பெண்கள் விதிப்படி வரிசையாக, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பாதி வழியில் ஒரு கிழவி 'ஐயோ' என்று உட்கார்ந்துவிட்டார். உடைந்த சிப்பி குதிகாலில் ஆழமாக ஏறியிருந்தது. ரத்தம் நிற்கவில்லை. நான் என் துண்டைக் கிழித்துக் கட்டத் தொடங்கினேன்.

"நாங்க மெதுவா போறோம் தம்பி" என்றார் அந்த அக்கா.

"உச்சியில போயி நின்னுக்கங்க. அதுக்கு மேல போகக் கூடாது. வந்துர்றேன்."

"நிப்போம், நிப்போம். விதிய நாங்கதான படிச்சோம்."

சொன்னபடியே உச்சியில் போய் நின்றார்கள். நான் திரும்பிப் பார்த்தபோது, புல்லுக்கு மேல் அவர்களுடைய தலைகள் வரிசையாகத் தெரிந்தன. அப்போது பரணிலிருந்து ஒரு விசில். காற்று அதை அப்படியே தூக்கிக்கொண்டு போயிற்று. அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்; நின்ற இடத்திலேயே நின்றார்கள். நான் எழுந்தேன். சார் ஏன் ஊதுகிறார் என்று எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு மேற்கே ஆற்றைப் பார்த்தேன். காலையிலிருந்து அசையாமல் நின்ற தண்ணீரில் சருகுகள் தெற்கே நகர்ந்துகொண்டிருந்தன. மேட்டுக்கு அந்தப் பக்கம் வெட்டிவிட்டார்கள்.

அடுத்து இரண்டு விசில் வந்தது. பீ, பீ. கணக்காக, தெளிவாக, அத்தனை விடிகாலையும் பழகிய ஊதல்.

அந்த அக்கா கையைத் தூக்கி சாருக்குக் காட்டினார். பிறகு கண்டக்டர் போலக் குரலை இழுத்து, "ரைட் ரைட்! போலாம்!" என்றார். பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். சிரித்தபடி எல்லாரும் உச்சியிலிருந்து அந்தப் பக்கம் இறங்கிப் போனார்கள். தலைகள் ஒவ்வொன்றாகப் புல்லுக்குப் பின்னால் மறைந்தன.

நான் கத்திக்கொண்டு ஓடினேன். எதிர்க்காற்று இல்லை, பின்காற்றுதான். ஆனாலும் கடல் இரைச்சலில் குரல் எடுபடவில்லை. பின்னால் சார் விடாமல் ஊதிக்கொண்டிருந்தார். பீ, பீ. பீ, பீ. அவர் ஊத ஊத அவர்கள் போய்க்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

உச்சிக்கு நான் போனபோது கீழே எல்லாம் தெரிந்தது. அந்தக் கரையில் ஏழெட்டு ஆண்கள் மண்வெட்டியைப் பக்கத்தில் போட்டுவிட்டுக் குந்தி பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் வெட்டு. வயல் வாய்க்கால் அகலம்தான் இருந்தது. தினம் பத்து வாய்க்கால் தாண்டுகிறவர்களுக்கு அது என்ன? அந்த அக்கா சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டார். கரையில் குந்தியிருந்தவர்களில் ஒருவன் எழுந்து இரண்டு கையையும் ஆட்டினான். அவர் இரண்டாவது எட்டு வைத்தபோது, அவர் பின்னால் விட்டுவந்த கரை பெயர்ந்து விழுந்தது. அவர் சத்தம் போட்டதாக எனக்கு நினைவில்லை. தண்ணீர் செம்மண் நிறத்தில் மடங்கியது, ஆள் இல்லை. மற்றவர்கள் பின்வாங்கி ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் நின்ற மணலும் பாளம் பாளமாக உதிர்ந்துகொண்டிருந்தது. நான் ஒவ்வொருத்தராகச் சேலையைப் பிடித்து மேலே இழுத்தேன். செவப்புச் சேலைக்காரி மட்டும் வரமாட்டேன் என்று என் கையைக் கடித்தாள்.

வலைதான் அந்த அக்காவைப் பிடித்தது. இறாலுக்காக ஆற்றின் வாய்க்கு நேரே கட்டியிருந்த வலை. ஆறு துப்பிய வேகத்தில் போய் அதில் மோதியிருக்கிறார். கட்டுமரக்காரர்கள் ஏதோ பெரிய மீன் என்று நினைத்து இழுத்தார்களாம். முடியைப் பார்த்த பிறகுதான் அலறினார்கள். மரத்தில் குப்புறப் போட்டு, முதுகில் குத்தி, தண்ணீரை வெளியேற்றி, சுற்றி வந்து வடகரையில் இறக்கினார்கள். உடம்பெல்லாம் வலைக் கண்ணின் தடம், கட்டம் கட்டமாக.

கொக்கு ஆபீஸ் வராந்தாவில் அவரை உட்கார வைத்தோம். சாரின் போர்வையைச் சுற்றியிருந்தார்கள். காப்பியை வாங்கிக் குடித்தார், வாந்தி எடுத்தார், மறுபடியும் குடித்தார். மற்ற பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். சார் அவர் முன்னால் நின்றார். பயம் போன இடத்தில் கோபம் வந்திருந்தது.

"விசில் கேட்டுச்சா இல்லையா?"

"கேட்டுச்சுங்க சார்."

"பலகையப் படிச்சீங்கல்ல? படிச்சிட்டு, நக்கலும் பண்ணிட்டு, அப்புறம் எதுக்கு முன்னால போனீங்க? பெரிய மனுசன் தொண்ட கிழிய ஊதுறேன், கையக் காமிச்சிட்டுப் போறீங்க?"

அந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார். அவருக்கும் கோபம் வந்தது.

"நீங்க ஊதுனதாலதான சார் போனேன்! மொதல்ல ஒண்ணு ஊதுனீங்க. நின்னோம். அப்புறம் ரெண்டு ஊதுனீங்க. ரெண்டு ஊதுனா போவாம என்ன பண்ணுவாங்க?"

"ரெண்டு ஊதினா திரும்பி வரணும்!"

"அது ஒங்க பலகையில சார். பலகையப் பாத்துக்கிட்டேவா நடக்க முடியும்? ஒண்ணு ஊதுனா ஓல்டான், ரெண்டு ஊதுனா ரைட்டு. எந்த பஸ்ஸுல வேணாலும் ஏறிப் பாருங்க. காலு தானா போவுது, நான் என்ன பண்ணட்டும்?"

மற்ற பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுத் தலையாட்டினார்கள். ஆமாம் சார், ரெண்டுன்னா ரைட்டுதான் சார் என்றார் சிப்பி குத்திய கிழவி.

நான் சாரின் முகத்தைப் பார்த்தேன். அவர் அந்த அக்காவைப் பார்க்கவில்லை. மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே இப்போது மேடு இல்லை, ஆறுதான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கை தானாக எழுந்து, பாதியில் நின்றது. முன்பு அப்படிக் கையைத் தூக்கிக் காட்டியது யார் என்று எனக்கும் புரிந்தது.

பெண்கள் போன பிறகு அவர் என்னைக் கூப்பிட்டார்.

"நீ பஸ்ஸுல வேல பாத்தவன்தானடா?"

"ஆமா சார்."

"நீயும் அப்புடித்தான் ஊதுனியா?"

"அப்புடித்தான் சார் ஊதணும்."

"ஏண்டா எங்கிட்ட சொல்லல?"

"அது பஸ்ஸு சார். இது ஆறு. எனக்கே ரெண்டும் ஒண்ணாத் தோணல."

அதுதான் உண்மை. இரண்டு வருஷம் ஊதியவன், இரண்டு வருஷம் அந்த விதியை ஒப்பித்தவன். மண்டைக்குள் இரண்டும் சந்திக்கவே இல்லை.

மறுநாள் காலை சார் சைக்கிளை எடுக்கவில்லை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, "வா, பஸ்ல போவோம்" என்றார். மெயின் ரோட்டுக்கு நடந்து போய் காரைக்கால் பஸ்ஸில் ஏறினோம். கூட்டம். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு படிக்குப் பக்கத்திலேயே, கண்டக்டரின் வாயைப் பார்த்தபடி நின்றார். ஒரு நிறுத்தம் வந்தது. ஒரு விசில், வண்டி நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். இரண்டு விசில். வண்டி கிளம்பியது. படியில் தொங்கிய ஒரு காலேஜ் பையன் கண்டக்டரைப் பார்த்துக் கையைத் தூக்கிவிட்டு உள்ளே ஏறினான். அடுத்த நிறுத்தத்திலும் அதேதான். சாருக்குக் குமட்டவில்லை. முகம் வேர்த்து வடிந்தது. கண்டக்டர் என்னிடம், "பெருசுக்கு ஒடம்பு சரியில்லையாப்பா? ஒக்கார வையி" என்றார். சார் உட்காரவில்லை.

மாதா கோயில் தெருவில் அந்த அம்மாவின் வீடு. எங்களைப் பார்த்ததும் அவருக்குப் பதற்றம். சார் அதுவரை அந்த வீட்டுப் படி ஏறியதில்லை. முன்னறையில் நாற்காலி போட்டார். சுவரில் பையனின் போட்டோ, மாலை, சின்ன விளக்கு. நான் வாசல் பக்கம் நின்றுகொண்டேன்.

சார் எதையும் சுற்றி வளைக்கவில்லை. முந்தின நாள் நடந்ததைச் சொன்னார். பஸ்ஸைப் பற்றிச் சொன்னார். பிறகு, "உங்க புள்ள சொன்ன பேச்சக் கேட்டுத்தாம்மா போனான்" என்றார். "நான் போன்னு சொல்லியிருக்கேன். சரி மாஸ்டர்னு கையத் தூக்கியிருக்கான். எனக்குத்தான் தெரியல."

அந்த அம்மா அழவில்லை. நான் அழுவார் என்று நினைத்தேன். தெருவில் மீன்காரி கூவிக்கொண்டு போனாள்.

"அப்ப, நீங்க ஊதாம இருந்திருந்தா?"

"தெரியலம்மா."

"ஒண்ணோட நிறுத்தியிருந்தா?"

"நின்னிருப்பான்" என்றார் சார்.

அந்த அம்மா எழுந்து போட்டோவின் பக்கம் போய், விளக்குத் திரியைக் கொஞ்சம் தூண்டிவிட்டார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார்.

"அந்த விசில் கையில இருக்கா மாஸ்டர்?"

கழுத்தில்தான் இருந்தது. சார் சட்டைக்குள்ளிருந்து எடுத்தார்.

"ஊதிக் காட்டுங்க. அன்னைக்கி எப்புடி ஊதினீங்களோ அப்புடி."

சார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் விசிலை வாயில் வைத்தார், காற்றுதான் வந்தது. உதட்டைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் வைத்தார். அந்தச் சின்ன அறையில் இரண்டு தடவை ஊதினார். காது அடைத்தது. பக்கத்து வீட்டில் ஒரு குழந்தை வீறிட்டது.

அந்த அம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி, சாரைப் பார்த்து, ஏதோ சரிபார்த்து முடித்தவர் போலத் தலையை ஆட்டினார்.

"நல்லாத்தான் கேக்குது மாஸ்டர்" என்றார்.